ஜன்னலைத் திறங்க, பாட்டிலை மூடுங்க!

சென்னையில் டிசம்பர் வந்துவிட்டதா என்று காலண்டரைப் பார்க்க வேண்டியதில்லை. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் காலையில் நடக்க வருகிறவர்களின் தலையைப் பார்த்தால் போதும். வெளியே 22 டிகிரி இருக்கும். தலையில் குரங்குக் குல்லா, கழுத்தில் மஃப்ளர், காதில் பஞ்சு. டெல்லிக்காரர் யாராவது பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, "குளிர்காலத்தில் பவளத் தொட்டியின் பி.எச். குறைகிறது, என்ன செய்யலாம்?" என்று கேட்டாலும் சிரிப்புதான் வரும். அது பனி பெய்யும் ஊர்க்காரர்களின் கவலை. அங்கே நவம்பர் முதல் மார்ச் வரை கதவு, ஜன்னல் எல்லாம் இறுக்க மூடி ஹீட்டர் போட்டுவிடுவார்கள். வீட்டுக்குள் கரியமில வாயு சேரும். அது தொட்டி நீரில் கரையும். பி.எச். இறங்கும். நம்ம ஊரில் ஹீட்டர் ஏது, பனி ஏது?

சிரித்தது போதும். சென்னைக்கும் அந்தக் குளிர்காலம் உண்டு. ஒன்றல்ல, வருடத்துக்கு இரண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் பாட்டில் பாட்டிலாக மருந்து வாங்கி ஊற்றுகிறவர்கள் பணத்தையும் இழக்கிறார்கள், தொட்டியில் உள்ள உயிர்களையும் இழக்கிறார்கள்.

முதலில் பவளத் தொட்டி என்றால் என்ன?

வாஸ்து மீன், தங்க மீன் வளர்க்கிற நல்ல தண்ணீர்த் தொட்டி இல்லை இது. கடல் உப்பைக் கரைத்து, லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும்படி தயாரித்த நீர். அதில் பாறை, மீன், இறால், பவள உயிர்கள். வெப்பம் 24 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மே மாதச் சென்னையில் அதற்கே ஒரு சில்லர் வேண்டும், அல்லது அறைக்கு ஏ.சி. வேண்டும். இந்த ஏ.சி.யை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் வில்லன் அதுதான்.

கடல் உயிர்களைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கும் ஆசை இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. இந்தியாவின் முதல் கடல்வாழ் உயிரினக் காட்சியகம் 1909-ல் மெரினாவில்தான் திறக்கப்பட்டது. அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் யோசனை அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடிவிட்டார்கள். அதற்கு இருந்த இரண்டு வசதிகள் இன்றைய அடுக்குமாடி வீட்டுத் தொட்டிக்கு இல்லை. பக்கத்திலேயே கடல், எந்நேரமும் கடற்காற்று.

பி.எச். என்பது ரொக்கம், அல்கலினிட்டி என்பது மூலதனம்

பி.எச். என்பது நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண். 7 நடு. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். கடல்நீரின் அளவு சுமார் 8.1. பவளத் தொட்டிக்கு 7.8 முதல் 8.5 வரை இருந்தால் போதும் என்பது, இந்தப் பொழுதுபோக்கின் வேதியியலைப் பற்றிப் பல வருடங்களாக எழுதிவரும் ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லி என்ற அமெரிக்க வேதியியலாளரின் பரிந்துரை.

இந்த எண் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்காது. விளக்கு எரியும்போது பவளத்துக்குள் இருக்கும் நுண்பாசிகள் கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும், எண் ஏறும். விளக்கை அணைத்த பிறகு எல்லா உயிரும் மூச்சு விடுவது மட்டும்தான், எண் இறங்கும். மிகக் குறைவாக இருப்பது மறுநாள் விளக்கு எரிவதற்குக் கொஞ்சம் முன்பு. ஆகவே மாலை 6 மணிக்குப் பார்த்து 8.2 என்று சந்தோஷப்படுவதும், காலை 6 மணிக்குப் பார்த்து 7.8 என்று பதறுவதும் ஒரே மாதிரித் தவறுதான்.

இன்னொரு எண் அல்கலினிட்டி. அமிலத்தைத் தாங்கிக்கொள்ள நீரில் எவ்வளவு கார்பனேட் சரக்கு இருப்பு உள்ளது என்பதன் அளவு. கடலில் சுமார் 7 டி.கே.எச். இருக்கும். தொட்டியில் 7 முதல் 11 வரை வைப்பார்கள்.

காமர்ஸ் பாஷையில் சொன்னால் சுலபமாகப் புரியும். அல்கலினிட்டி என்பது கடையில் போட்ட மூலதனம். பி.எச். என்பது இன்று கல்லாவில் உள்ள ரொக்கம். மூலதனம் சரியாக இருக்கும் கடையிலும் கல்லா காலியாக இருக்கலாம். காரணம், எங்கேயோ தினமும் பணம் ஒழுகுகிறது. ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் மேலும் மேலும் மூலதனம் போட்டால் ஒரு நாள் கல்லா நிறைந்த மாதிரி தெரியும். மறுநாள் பழைய கதைதான்.

பவளத் தொட்டியில் அந்த ஒழுகல் பெரும்பாலும் தண்ணீரில் இல்லை. அறையில் இருக்கிறது.

ஒரு அறை, இரண்டு பேர், ஒரு கணக்கு

நந்தனத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 12-க்கு 10 அடி அறை, 10 அடி உயரம். மொத்தம் 1,200 கன அடி, அதாவது சுமார் 34,000 லிட்டர் காற்று. அதில் ஒரு தொட்டி. இரவில் இரண்டு பேர் தூங்குகிறார்கள். பெரியவர் ஒருவர் ஓய்வில் இருக்கும்போது மணிக்குச் சுமார் 15 முதல் 20 லிட்டர் கரியமில வாயுவை வெளியே விடுவார். இரண்டு பேருக்கு 30 முதல் 40 லிட்டர்.

34,000 லிட்டரில் 34 லிட்டர் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. பத்து லட்சத்தில் 1,000 பங்கு. காற்றே கசியாத அறையாக இருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் இவ்வளவு ஏறும்! நல்ல வேளையாக எந்த வீடும் அவ்வளவு இறுக்கம் இல்லை, கதவிடுக்கு வழியே கொஞ்சம் வெளியேறும். இருந்தும் மூடிய படுக்கையறையில் விடியும்போது 1,500, 2,000 என்று இருப்பது அதிசயமே இல்லை. வெளிக்காற்றில் இருப்பதோ சுமார் 420 பங்குதான்.

இனி தொட்டியின் கணக்கு. அல்கலினிட்டி மாறாமல் இருக்க, காற்றில் கரியமில வாயு இரண்டு மடங்கானால் பி.எச். சுமார் 0.3 இறங்கும். வெளிக்காற்றோடு சமநிலையில் 8.2-ல் நிற்கும் நீர், 840 பங்கு உள்ள அறையில் 7.9-க்கு வரும். 1,680 பங்கு உள்ள அறையில் 7.6. இத்தனைக்கும் தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. உப்பு சரி, கால்சியம் சரி, அல்கலினிட்டி சரி. குறை காற்றில்.

7.6 என்றால் என்ன ஆகும்? கல் பவளம் தன் எலும்புக்கூட்டைக் கால்சியம் கார்பனேட்டில் கட்டுகிறது. நீரில் அமிலத்தன்மை கூடக்கூட அதே வேலைக்கு அது அதிகச் சக்தியைச் செலவு செய்ய வேண்டும். வளர்ச்சி மந்தமாகும். 7.7-க்குக் கீழே தொடர்ந்து கிடந்தால் கட்டியதே கரையத் தொடங்கும் எல்லை நெருங்கிவிடுகிறது.

சென்னையின் இரண்டு குளிர்காலங்கள்

முதல் குளிர்காலம் ஐப்பசி முதல் தை வரை. மழைச் சாரல், கொசு, பனி என்று ஆளுக்கொரு காரணம். நந்தனம் பக்கம் மாம்பலம் கால்வாயும் அடையாறும் அருகருகே ஓடுவதால் கொசுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாயங்காலம் 5 மணிக்கு ஜன்னலைச் சாத்தினால் மறுநாள் 8 மணிக்குத்தான் திறப்பார்கள். மார்கழியில் "பனி இறங்குதுப்பா, சளி பிடிக்கும்" என்று பாட்டி அதையும் திறக்க விட மாட்டார். போதாக்குறைக்கு மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நந்தனம் வழியே நடப்பதால் தூசிக்குப் பயந்து பகலிலும் பல வீடுகளில் ஜன்னல் திறப்பதில்லை.

இரண்டாவது குளிர்காலம்தான் வேடிக்கை. அது பங்குனியில் ஆரம்பித்து ஆனி வரை போகும்! வெளியே அக்னி நட்சத்திரம், உள்ளே 24 டிகிரி ஏ.சி. ஸ்ப்ளிட் ஏ.சி. வெளியிலிருந்து காற்றைக் கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கிற அதே காற்றைச் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. குழாய் வெளியே போவதைப் பார்த்துப் புதுக்காற்று வருகிறது என்று நினைக்கிறவர்கள் பலர். வருவதில்லை. தொட்டி உள்ள அறைக்கு 24 மணி நேரமும் ஏ.சி. ஓடினால், அந்தத் தொட்டிக்கு 24 மணி நேரமும் பனிக்காலம்தான்.

ஆகவே, வெளிநாட்டுக் கட்டுரைகளில் 'குளிர்காலம்' என்று வரும் இடத்தில் எல்லாம் 'ஜன்னல் மூடிய காலம்' என்று போட்டுப் படியுங்கள். சென்னைக்கு அப்படியே பொருந்தும்.

பாட்டில் ஏன் வேலை செய்யாது?

கடையில் போய் "பி.எச். குறைகிறது" என்றால் ஒரு பாட்டில் கொடுப்பார்கள். கொளத்தூரோ வேறு ஊரோ, உலகம் முழுக்க இதுதான் வழக்கம். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரால் காற்றை விற்க முடியாதே.

பாட்டிலில் பெரும்பாலும் இருப்பது சோடா வகை உப்பும் போரேட்டும். ஊற்றிய உடனே எண் ஏறும். மனசுக்கு ஆறுதல். ஆனால் அறையில் கரியமில வாயு அப்படியே இருக்கிறதே? சில மணி நேரத்தில் அது நீரில் கரைந்து எண்ணை மறுபடி கீழே இழுக்கும். மறுபடி ஊற்றுவார்கள். பி.எச். பழைய இடத்துக்கே வரும், அல்கலினிட்டி மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

இரண்டு மடங்கு கரியமில வாயுவை அல்கலினிட்டியை வைத்து ஈடுகட்ட வேண்டுமானால் அதையும் ஏறத்தாழ இரண்டு மடங்காக்க வேண்டும். 8 இருந்தால் 16. அந்த அளவில் நீரில் உள்ள கால்சியம் சுண்ணாம்பாகப் படிய ஆரம்பிக்கும். பம்ப்பில், ஹீட்டரில், மணலில் எல்லாம் வெள்ளைப் படிவம். பவளம் கட்ட வேண்டிய சுண்ணாம்பு பம்ப்பில் கட்டிக்கொள்கிறது. இன்னொரு ஆபத்தும் உண்டு. தொட்டியில் அமோனியா இருந்தால், பி.எச். திடீரென்று ஏறும்போது அதன் நச்சுத்தன்மை கூடும். எண்ணைக் காப்பாற்றப் போய் மீனைக் கொன்றவர்கள் உண்டு.

நோய்க்கு மருந்து கொடுக்காமல் தர்மாமீட்டரை ஐஸில் வைப்பது போன்றது இது. காய்ச்சல் இறங்கின மாதிரி தெரியும்.

சந்தேகம் இருந்தால் ஒரு டம்ளர் போதும்

இதையெல்லாம் நம்ப வேண்டாம். சோதித்துப் பாருங்கள். பைசா செலவில்லாத சோதனை.

முதலில் மீட்டரை 7, 10 என்ற இரண்டு கரைசல்களில் வைத்துச் சரிபாருங்கள். "பி.எச். குறைவு" என்று புலம்புகிறவர்களில் ஒரு பகுதியினருக்குக் குறைவது மீட்டரின் நேர்மைதான். :-)

பிறகு தொட்டியிலிருந்து ஒரு பெரிய டம்ளர் நீர் எடுத்து பி.எச். குறித்துக்கொள்ளுங்கள். அதை பால்கனிக்கோ மொட்டை மாடிக்கோ கொண்டுபோய், சாதாரண ஏர் பம்ப்பும் ஏர் ஸ்டோனும் போட்டு ஒரு மணி நேரம் குமிழி விடுங்கள். மறுபடி பாருங்கள். எண் ஏறியிருந்தால் நீரில் கரியமில வாயு மிச்சம் இருந்திருக்கிறது. அடுத்து இன்னொரு டம்ளர், அதே ஒரு மணி நேரம், ஆனால் அறைக்குள்ளேயே.

வெளியே ஏறி, உள்ளே ஏறவில்லை என்றால் தீர்ப்பு வந்துவிட்டது: குற்றவாளி அறைக்காற்று. உள்ளேயும் வெளியேயும் ஏறினால் அறை சரி, தொட்டிக்குள் காற்றோட்டம்தான் போதவில்லை. நீரின் மேல்பரப்பு நன்றாக அசையும்படி பம்ப்பைத் திருப்பினால் போதும். இரண்டிலும் ஏறவில்லை என்றால் மட்டும் அல்கலினிட்டியைப் பாருங்கள். அப்போதுதான் பாட்டிலுக்கு வேலை.

என்ன செய்யலாம்?

செலவு குறைந்ததிலிருந்து வரிசையாக.

ஒன்று, ஜன்னல். முழு நாளும் வேண்டாம். காலை 5 முதல் 7 வரை திறந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். தொட்டியின் எண் மிகக் கீழே இருக்கும் நேரமும் அதுதான், சென்னையில் காற்று குளிர்ச்சியாக இருக்கும் நேரமும் அதுதான். மே மாதத்திலும் இது பொருந்தும். கொசுவுக்கு வலை அடிக்கலாம். வலை கொசுவைத் தடுக்கும், காற்றை விடும்.

இரண்டு, ஒரு குழாய். பவளத் தொட்டி வைத்திருக்கும் பெரும்பாலானவர்களிடம் புரோட்டீன் ஸ்கிம்மர் இருக்கும். காற்றை உறிஞ்சிக் குமிழியாக்கி நீரிலிருந்து கழிவை நுரையாக எடுக்கும் கருவி. நீரில் மிக அதிகமாகக் காற்று கலக்கும் இடம் அதுதான். அதன் காற்று உறிஞ்சும் வாயில் ஒரு டியூபைச் செருகி மறுமுனையை ஜன்னலுக்கு வெளியே விட்டால், அறை மூடியிருந்தாலும் தொட்டி வெளிக்காற்றைச் சுவாசிக்கும். ஏ.சி. குளிர்ச்சி வீணாகாது, கொசு வராது, தூசி வராது. சில நூறு ரூபாய் வேலை.

இதில் சென்னைக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. மாநகராட்சி வண்டி கொசு மருந்துப் புகை அடித்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டால் குழாயை உடனே உள்ளே இழுத்துவிடுங்கள். கொசுவைக் கொல்லும் பைரித்ராய்டு வகை மருந்துகள் இறாலுக்கும் மீனுக்கும் கடும் விஷம். போகி அன்று விடியற்காலையும் தீபாவளி இரவும் அப்படியே. வீட்டுக்குள் எரியும் கொசுவர்த்திக்கும் லிக்விடுக்கும் இதே விதிதான். மூடிய அறையில் தொட்டிக்குப் பக்கத்தில் அதை ஏற்றுவது, கொசுவுக்கு வைத்த விஷத்தை இறாலுக்குப் பரிமாறுவது மாதிரி.

மூன்று, இரவில் பாசி. தொட்டிக்குக் கீழே உள்ள சம்ப்பில் கடற்பாசி வளர்த்து, மேலே விளக்கு அணையும் நேரத்தில் அதற்கு மட்டும் விளக்குப் போட்டால், இரவில் சேரும் கரியமில வாயுவை அது எடுத்துக்கொள்ளும். நைட் ஷிப்ட் ஆள் போட்ட மாதிரி.

நான்கு, சுண்ணாம்புத் தெளிநீர். தூய கால்சியம் ஹைட்ராக்சைடை நீரில் கரைத்துத் தெளியவிட்டு, ஆவியாகிப் போகும் நீருக்கு ஈடாக இரவில் சொட்டுச் சொட்டாக விடுவது. லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்கு மேல் கரையாது. கரியமில வாயுவையும் பிடிக்கும், கால்சியமும் அல்கலினிட்டியும் சேர்ந்தே கிடைக்கும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், அதில் வேறு என்னென்ன கலந்திருக்கிறதோ. தெளிநீரின் பி.எச். 12-க்கு மேல். கையில் பட்டால் எரியும், மொத்தமாக ஊற்றினால் தொட்டி காலி. ஒரு நுணுக்கமும் உண்டு. மழைக்காலத்தில் ஈரப்பதம் அதிகம், நீர் குறைவாகத்தான் ஆவியாகும், ஆகவே உள்ளே போகும் சுண்ணாம்பும் தானாகவே குறைந்துவிடும். ஜன்னல் மூடிய அதே மாதங்களில் இந்த உதவியும் குறைவதால்தான் சிலர் தொட்டியில் நவம்பரில் எண் சட்டென்று இறங்குகிறது.

"7.8-ல் என் தொட்டி நன்றாகத்தானே இருக்கிறது?"

இப்படிக் கேட்கிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 7.8-ல் ஆண்டுக்கணக்கில் நன்றாக ஓடும் தொட்டிகள் உண்டு. அவர்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். 8.3 என்ற எண்ணைத் துரத்துவதும் ஒரு நோய்தான். தினமும் ஏறி இறங்கும் எண்ணுக்குப் பின்னால் ஓடி நீரைக் கலக்குவதைவிட, கொஞ்சம் குறைவாகவே நிலையாக இருப்பது எவ்வளவோ மேல்.

ஆனால் அவர்களும் அந்தக் குறைந்த எண்ணை ஒரு தகவலாகப் படிக்கலாம். அது தொட்டியைப் பற்றிய தகவல் மட்டும் இல்லை. அந்த அறையில் தூங்குகிற மனிதர்களைப் பற்றியதும்தான்.

ஜெர்மனியின் மாக்ஸ் வான் பெட்டன்கோஃபர் என்ற அறிஞர் 1858-லேயே, மனிதர்கள் இருக்கும் அறையில் கரியமில வாயு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள் என்றார். இன்றும் அந்த 1,000 என்ற எண் புழக்கத்தில் இருக்கிறது. பி.எச். 7.6-க்கு இறங்கும் அறையில் அந்த எல்லை எப்போதோ தாண்டியிருக்கும். காலையில் எழுந்தால் தலை கனக்கிறது, எட்டு மணி நேரம் தூங்கியும் அசதி போகவில்லை என்கிற வீட்டில், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் கதவைச் சாத்திக்கொண்டு அதே காற்றில்தான் உட்கார்ந்திருக்கிறது. பவளத்துக்கு மீட்டர் வைத்திருக்கிறார்கள். பிள்ளைக்கு வைக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

கடலுக்கு ஜன்னல் கிடையாது

இதே கணக்குதான் கடலுக்கும். 1958-ல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன்பு இருந்ததைவிடக் கடலின் பி.எச். சுமார் 0.1 குறைந்திருக்கிறது. 0.1 தானே என்று தோன்றும். அமிலத்தன்மை கால் பங்குக்கு மேல் கூடியிருக்கிறது என்று அர்த்தம். வீட்டுத் தொட்டியில் ஒரே இரவில் நடப்பது கடலில் இரண்டு நூற்றாண்டுகளாக நடக்கிறது. வீட்டில் ஜன்னலைத் திறக்கலாம். கடலுக்குத் திறக்க ஜன்னல் இல்லை.

தமிழ்நாட்டின் கடலுக்கு இதற்கு முன்பே ஒரு சுண்ணாம்புக் கதை உண்டு. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். 1986-ல் அது தேசியப் பூங்கா ஆனது. அதற்கு முன்பும், பின்பும் சில காலமும், அந்தப் பவளத்தை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் அனுப்பினார்கள். காவல் இருந்த பாறை போனதும் அலை நேராகத் தீவைத் தாக்கியது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. பிறகு 2010-லும் 2016-லும் கடல் சூடேறி அங்கே பவளங்கள் வெளுத்துச் செத்தன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை அழித்த மாநிலத்தில், பவளம் பிழைக்கச் சுண்ணாம்புத் தெளிநீர் சொட்டுகிறது ஒரு வீட்டுத் தொட்டியில்.

ஆகவே சென்னையில் பவளத் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 2001 முதல் கல் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி, நெருப்புப் பவளம் எல்லாம் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கிற அதே அட்டவணை. கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். செத்த பவளக் கல்லும் விலக்கு இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் அதற்கு உரிய காகிதம் வேண்டும். 2022-ல் நிறைவேறிய திருத்தம், சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிருள்ள விலங்குகளை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. "மண்டபத்திலிருந்து வந்த சரக்கு, சீப்பாகத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அங்கே நிற்காதீர்கள். சந்தேகம் இருந்தால் கேட்பதற்கு மீன்வளத் துறையின் தலைமை அலுவலகம் நந்தனத்திலேயேதான் இருக்கிறது, கால்நடைத் துறையோடு சேர்ந்த வளாகத்தில்.

சட்டப்படி வாங்கி, பொறுப்பாக வளர்க்கிறவர் கையில் இருப்பதும் உயிர்தான். அது வாய் திறந்து "மூச்சு முட்டுகிறது" என்று சொல்லாது. எண்ணாகத்தான் சொல்லும். அந்த எண்ணைப் பார்த்ததும் கடைக்கு ஓட வேண்டாம். நாளைக் காலை 5 மணிக்கு எழுந்து அறையின் ஜன்னலைத் திறந்து வையுங்கள். பாட்டி திட்டினால் குரங்குக் குல்லாவைப் போட்டுக்கொள்ளுங்கள்.